ஸ்டோரு ஃபேன் சத்தம்: அளந்து வைத்துக்கொண்டு பேசுவோம்



ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்ல வருகிறேன் என்பது இப்போதே விளங்கியிருக்கும். பின்னேரம் கொழுந்து நிறுத்து, மாடிக்கு ஏற்றி, ட்ரப்பில் பரப்பி, ஃபேனைப் போடுவார்கள். அப்போது தொடங்குகிற "ஊ" என்ற இரைச்சல் மறுநாள் விடியும் வரைக்கும் நிற்பதில்லை. கொழுந்து வாடுவதற்கு 12 மணித்தியாலம் முதல் 18 மணித்தியாலம் வரை பிடிக்கும். ஆகவே நாம் தூங்குகிற நேரம் முழுவதும் ஃபேன் ஓடுகிற நேரந்தான்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில், ஸ்டோருக்கு நேரே கீழே ஒரு லயம் இருந்தது. அங்கே தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு அக்கா ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, மகள் இந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை எடுக்கிறாள். ராவைக்குப் படிக்கவும் முடியல, படுக்கவும் முடியல. காதுக்குப் பஞ்சு வச்சுப் பார்த்தாச்சு. ஒன்னும் சரிவரல" என்றார். நான் உடனே ஒரு கடிதம் எழுதினேன். "தாங்க முடியாத இரைச்சல்", "பெரும் அசௌகரியம்" என்றெல்லாம் நல்ல சொற்களாகப் போட்டு எழுதிக் காரியாலயத்தில் கொடுத்தேன். பதில் வந்தது. ஸ்டோரு லயத்துக்கு முந்தியே இருக்கிறது, ஃபேன் ஓடாமல் தேயிலை இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், என் கடிதத்தில் பதில் சொல்ல வேண்டிய விஷயமே எதுவும் இருக்கவில்லை. எவ்வளவு சத்தம், எந்த நேரத்தில், எந்த ஃபேனிலிருந்து, எவ்வளவு குறைந்தால் போதும் என்று ஒன்றுமே நான் எழுதவில்லை.

சத்தம் எங்கேயிருந்து வருகிறது

பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மேல் மாடிகளில் சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பி வாட்டினார்கள். ஜன்னல் வழியே வருகிற காற்றும், கீழே ட்ரையரிலிருந்து மேலே இழுத்த சூடுந்தான் வேலை செய்தது. பழைய ஸ்டோருகளுக்கு மூன்று மாடி, நான்கு மாடி, வரிசை வரிசையாக ஜன்னல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பிறகு ட்ரப் வந்தது. நீளமான தொட்டி, மேலே வலை, வலைக்கு மேலே கனமாகக் கொழுந்து, தொட்டியின் ஒரு தலைமாட்டில் ஃபேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஃபேன். பத்துத் தொட்டி இருந்தால் பத்து ஃபேன் ஒரே நேரத்தில் ஓடும்.

ஒரு ஃபேனிலிருந்து ஒரேயொரு சத்தந்தான் வருகிறது என்று நினைக்கக் கூடாது. இதழ்கள் காற்றை வெட்டுவதால் வருகிற ஊளை ஒன்று. மோட்டர் நிமிஷத்துக்கு 1,440 தடவை சுற்றினால் ஒரு செக்கனுக்கு 24 சுற்று. ஃபேனுக்கு எட்டு இதழ் என்றால் ஒரு செக்கனுக்கு 192 தடவை காற்று வெட்டுப்படுகிறது. நாம் கேட்கிற அந்த "ஊ" அதுதான். அதற்கு மேலே காற்று பாய்கிற "ஷ்" என்ற சத்தம். பெயாரிங் தேய்ந்திருந்தால் கிறீச் சத்தம். பெல்ட் தளர்ந்திருந்தால் அடிக்கிற சத்தம். கம்பி மூடியின் ஆணி கழன்றிருந்தால் கடகடப்பு. கடைசியாக, ஃபேனின் அதிர்வு பலகைத் தளத்தில் இறங்கி, தளமே மேளத்தோல் மாதிரி அதிர்வது. இந்த ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "ஃபேன் சத்தம்" என்று மொத்தமாகச் சொன்னால் எந்த மருந்து என்று யாருக்கும் தெரியாது.

டெசிபல் கணக்கு

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். இது கிலோ, அடி போன்ற கணக்கு அல்ல. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 70 டெசிபல் ஃபேன் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு 70 டெசிபல் ஃபேன் போட்டால் 140 வராது, 73தான் வரும். ஒரே மாதிரியான பத்து ஃபேன் ஓடினால் 80. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்து ஃபேனில் ஐந்தை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "பாதி ஃபேனை நிறுத்திட்டாங்க, ஆனா சத்தம் அப்படியேதான் இருக்கு" என்று லயத்தில் சொன்னால் அது பொய் இல்லை. 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானது போலக் காதுக்குப் படும்.

இன்னொரு பக்கம், ஒரு ஃபேன் மட்டும் பழுதாகி மற்றவற்றைவிட மிகவும் சத்தமாக ஓடினால், மொத்தச் சத்தத்தை அந்த ஒன்றேதான் தீர்மானிக்கும். மற்ற ஒன்பதையும் நிறுத்தினாலும் லயத்தில் வித்தியாசம் தெரியாது. அந்த ஒன்றைத் திருத்தினால் உடனே தெரியும். ஆகையால் முதல் வேலை, எது அந்த ஒன்று என்று கண்டுபிடிப்பது.

தூரம் கூடக் கூடச் சத்தம் குறையும். ஒரு தனி ஃபேன் என்றால் தூரம் இரண்டு மடங்காகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். நீளச் சுவர் முழுக்க ஜன்னலும் ஃபேனுமாக இருந்தால் அவ்வளவு குறையாது, கிட்டத்தில் 3தான் குறையும். நம்முடைய மலைப்பக்கத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் வந்து தங்கும். மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது சத்தம் வானத்துக்குப் போகாமல் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்காத ஸ்டோரு இராத்திரி பள்ளத்து லயத்தில் தலைமாட்டில் ஓடுவது போலக் கேட்பது மனப்பிராந்தி அல்ல.

அளப்பது எப்படி

அளக்கிற கருவிக்கு ஒலிமானி என்று பெயர். நான் ஒருவரிடம் கெஞ்சி ஒன்றை இரவல் வாங்கினேன். அதை இயக்குவது கஷ்டமில்லை. ஒழுங்காக அளப்பதுதான் கஷ்டம். முதல் இரவு நான் எடுத்த கணக்கு எல்லாமே வீண். இஸ்தோப்புச் சுவரோடு ஒட்டி நின்று அளந்திருந்தேன். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தமும் சேர்ந்து கூட்டிக் காட்டிவிட்டது. தகரத்தில் தூறலும் விழுந்துகொண்டிருந்தது.

சரியான முறை இது. மழை, பலத்த காற்று இல்லாத இரவாகப் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் கருவியைப் பிடிக்க வேண்டும். மைக்குக்கு நுரைப்பந்து போட வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஊதுவதையும் சத்தமாகக் கணக்கெடுத்துவிடும். அளக்கத் தொடங்கும் முன்பு அதற்கென்று உள்ள சிறு கருவியை மைக்கில் செருகி, அது கொடுக்கும் 94 டெசிபலைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிமானியில் "ஏ" என்ற நிலையில் வைக்க வேண்டும். மனிதக் காது கேட்கிற விதத்துக்கு ஏற்றபடி அது கணக்கிடும். ஒரு கணம் பார்த்து எழுதாமல் பதினைந்து நிமிஷச் சராசரியை எடுக்க வேண்டும். நாய் குரைத்தால், லொறி போனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தை விட்டுவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஃபேன் ஓடாதபோதும் அதே இடத்தில் அளப்பது. ஆற்றுச் சத்தம், தவளை, பூச்சி என்று மலையில் இரவு சும்மா இருப்பதில்லை. ஃபேன் ஓடும்போதும் ஓடாதபோதும் வித்தியாசம் 10 டெசிபலுக்கு மேல் என்றால் கேட்பது ஃபேன்தான். 3க்கும் குறைவு என்றால் ஃபேன் மேல் பழி போட முடியாது. எங்கள் டீமேக்கர் ஐயா நல்ல மனிதர். கொழுந்து குறைவான ஒரு நாளில், லயத்துப் பக்கத்து நான்கு ஃபேனையும் ஒவ்வொன்றாக நிறுத்தியும் போட்டும் காட்டினார். அந்த உதவி இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

இரவு பதினொரு மணிக்கு அந்த அக்காவின் காம்பரா வாசலில் நான்கு ஃபேனும் ஓடும்போது 58. நிறுத்தினால் 41. அந்த 41 ஆற்றுச் சத்தம்.

இந்தக் காலத்தில் கையடக்கத் தொலைபேசியிலும் சத்தம் அளக்கிற வசதி உண்டு. ஒரு ஃபேனையும் இன்னொரு ஃபேனையும் ஒப்பிட்டுப் பார்க்க, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க அது உதவும். ஆனால் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் வாதாடப் போகாதீர்கள்.

சிலர், "எண் சின்னதா இருக்கு, ஆனா தலை விண் விண்ணுன்னு இருக்கே" என்று கேட்பார்கள். "ஏ" நிலை அடித்தொனியான உறுமலைக் குறைத்தே கணக்கெடுக்கும். கருவியை "சி" என்ற நிலைக்கு மாற்றி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 15, 20 டெசிபல் வித்தியாசம் வந்தால் அங்கே உறுமல்தான் பிரச்சினை. அதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

எவ்வளவு இருக்கலாம்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அதில் இருக்கிறது. பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. பாடசாலை, ஆஸ்பத்திரி போன்றவற்றின் பக்கத்தில் பகலுக்கு 50, இரவுக்கு 45. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில், படுக்கை அறைக்குள்ளே 30, வகுப்பறைக்குள்ளே 35க்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

58 எங்கே, 45 எங்கே! அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்குவிதியில் சொல்லப்பட்ட அளவு, சத்தம் போடுகிற இடம் இருக்கிற காணியின் எல்லையில் எடுக்க வேண்டியது. நம்முடைய லயமோ தோட்டத்துக் காணிக்குள்ளேயே இருக்கிறது. எல்லை எது என்று ஒரு வாதம் வரலாம். தோட்டத்துக்கு வெளியே கிராமத்தில் வீடு இருக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சத்தத்துக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற நமக்குத்தான் இருக்கிறது. அதனால் நாங்கள் 45ஐ ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினோம். வழக்கு என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஸ்டோருக்குள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அது தூக்கத்தைப் பற்றியது இல்லை, காதைப் பற்றியது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் என்பது பல நாடுகளிலும் வைத்திருக்கிற எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. 88 என்றால் நான்கு மணித்தியாலம், 91 என்றால் இரண்டு. கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மூன்றடி தள்ளி நிற்கிறவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் ஏறக்குறைய 85இல் இருக்கிறது.

என் அப்பா முப்பது வருஷம் ட்ரையர் ஃபேன் பக்கத்தில் வேலை செய்தவர். அவருடைய காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் உச்சத்தொனிகள் போயின. நாம் பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொல் என்று விளங்காது. "ச", "த", "ஸ" போன்ற எழுத்துகள்தான் முதலில் மறையும். சத்தம் கேட்கிறதே, சொல் விளங்கவில்லையே என்று அவர் எங்கள் மேல் கோபப்படுவார். வாயை மென்று பேசாதே என்பார். நாங்கள் அதை வயதுக் கோளாறு என்றுதான் நினைத்தோம். இப்படிப் போன காது திரும்பி வராது. மருந்து இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள்ளே "ஙொய்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது எச்சரிக்கை. டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கேளுங்கள்.

செய்யக் கூடாதது

அளந்ததற்கு முன்பு நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். லயத்து இளைஞர்கள் சிலர் பொறுக்க முடியாமல், ஒருநாள் இரவு ஃபேன் காற்று இழுக்கிற ஜன்னலில் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சத்தம் குறையும் என்று நினைத்தார்கள். கூடிவிட்டது! காற்று போதாமல் போனால் இந்த மாதிரி ஃபேனின் இதழ்களில் காற்று ஒழுங்காகப் பாயாது. அது திணறி, முன்னையைவிட மோசமாக உறுமும். அந்தத் தொட்டியில் இருந்த கொழுந்தும் சரியாக வாடவில்லை. மறுநாள் பெரிய சண்டை. நல்ல காலம், சாக்கு ஃபேனுக்குள் இழுபடவில்லை. இழுபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம். காற்றுப் பாதையை அடைக்காதீர்கள்.

மரம் நடுகிற யோசனையும் எல்லாத் தோட்டத்திலும் வரும். சைப்ரஸ் வரிசை பார்க்க அழகு, காற்றையும் மறைக்கும். ஆனால் ஒன்றிரண்டு வரிசை மரம் சத்தத்தைக் குறைப்பது மிகக் கொஞ்சம். கண்ணுக்கு ஸ்டோரு மறைவதால் மனசுக்குக் குறைந்தது போல இருக்கும். காதுக்குப் பஞ்சு வைப்பதும் அப்படித்தான், பஞ்சு சத்தத்தைப் பிடிக்காது. முட்டைத் தட்டைச் சுவரில் ஒட்டுவது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே இருந்து வருவதைத் தடுக்காது, தீப்பிடித்தால் ஆபத்து.

பலன் கொடுத்தது

நான்கு ஃபேனையும் தனித்தனியாக அளந்ததில் மூன்றாவதுதான் குற்றவாளி என்று தெரிந்தது. பெயாரிங் தேய்ந்திருந்தது. இதழ்களில் தேயிலைத் தூசியும் பஞ்சும் கட்டிப் பிடித்து, எடை ஒரு பக்கம் கூடி, சுற்றும்போது ஆடியது. மூடியில் இரண்டு ஆணி இல்லை. பிட்டர் பெயாரிங்கை மாற்றி, இதழைக் கழுவி, ஆணி போட்டு, மோட்டருக்குக் கீழே இறப்பர் மெத்தை வைத்து, ஃபேனுக்கும் தொட்டிக்கும் இடையில் கிழிந்துபோன கென்வஸ் துணியைப் புதிதாக மாட்டினார். லயத்தில் 58 இருந்தது 54 ஆகியது. இதெல்லாம் எப்படியும் செய்திருக்க வேண்டிய பராமரிப்பு வேலைதான். அளந்து காட்டும் வரை யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அடுத்தது வேகம். ஃபேன் சத்தத்தில் மிகப் பெரிய மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். பாதியாகக் குறைத்தால் 15 இறங்கும். கொழுந்து வாடுகிற விதத்தைப் பார்த்தால் இதற்கு இடமும் இருக்கிறது. முதல் சில மணித்தியாலங்களுக்கு இலையின் மேலே இருக்கிற ஈரத்தை ஓட்டுவதற்கு நிறையக் காற்று வேண்டும். அதற்குப் பிறகு அவ்வளவு தேவையில்லை. ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகு வேகத்தைக் குறைக்க முடியும். மழைக் கொழுந்து என்றால் முடியாது, அதை டீமேக்கர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வேட்டர் என்ற மின்கருவி வேண்டும். அது மலிவு இல்லை. இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு கணக்கு கைகொடுத்தது. ஃபேன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். வாட்டுகிற ஃபேன்களுக்குப் போகிற மின்சாரம் ஸ்டோரு பில்லில் சின்னத் தொகை இல்லை. இதைக் கடதாசியில் எழுதிக் காட்டியதும், சத்தத்துக்காக ஒரு வருஷம் நகராத பைல் கரண்டுக்காக மூன்று மாதத்தில் நகர்ந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டுதான். ஆனாலும் சத்தம் குறைந்தது. 54 இருந்தது 49க்கு வந்தது.

மிச்சம் இருந்ததை வழியில் தடுக்கப் பார்த்தோம். ஃபேனுக்கும் லயத்துக்கும் இடையில், காற்று உள்ளே போகத் தாராளமாக இடம் விட்டு, ஒரு கல் சுவர் எழுப்பினார்கள். சுவர் என்றால் லயத்து வாசலில் நின்று பார்த்தால் ஃபேன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சத்தமும் நேரே வரும். லயம் ஸ்டோரைவிட மேட்டில் இருந்தால் இந்தச் சுவரால் பிரயோசனம் குறைவு. எங்கள் சுவர் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்கலாம். 47இல் நின்றது. அதில் ஆற்றின் 41ஐக் கழித்துப் பார்த்தால் ஃபேனுடைய பங்கு ஏறக்குறைய 46. இந்தக் கழித்தலையும் சாதாரணக் கழித்தலாகச் செய்யக் கூடாது, அதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது.

சத்தத்தை உறிஞ்சும் பெட்டியைக் காற்று இழுக்கிற பக்கத்தில் பொருத்துகிற முறையும் உண்டு. உள்ளே கல்நார் போன்ற பஞ்சு வைத்திருப்பார்கள். தேயிலை வாயில் போகிற பண்டம். அந்த நார் உதிர்ந்து கொழுந்தில் விழக் கூடாது. அதனால் நாரை நன்றாக உறையிட்டு மூடிய பெட்டிதான் வேண்டும் என்று டீமேக்கர் ஐயா சொன்னார், அது நியாயம்.

வீட்டுப் பக்கத்தில் செய்யக்கூடியது ஓட்டையை அடைப்பது. லயத்துக் கல் சுவர் கனமானது, சத்தத்தை நன்றாக மறிக்கும். ஆனால் சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் இருக்கிற இடைவெளி, கதவுக்குக் கீழே இருக்கிற சந்து, உடைந்த ஜன்னல் பலகை எல்லாவற்றாலும் சத்தம் உள்ளே வரும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், எவ்வளவு கனமான சுவர் என்றாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஸ்டோருப் பக்கத்து இடைவெளியை அடைத்து, மறுபக்கத்தில் காற்றோட்டம் வையுங்கள். அடுப்புப் புகை போகிற வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

ஸ்டோருக்குள் வேலை செய்கிறவர்கள் நுரைக் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பெயருக்குத்தான். தேயிலைக்குள் விழுந்துவிடாதபடி நூல் கோத்தது நல்லது. சில தாய்மார் இதைத் தூங்குகிற பிள்ளைக்கு வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், சின்னப் பிள்ளை எடுத்து விழுங்கிவிடும்.

எழுதி வையுங்கள், யாரிடம் சொல்வது

ஒரு பத்துச் சத அப்பியாசக் கொப்பி என்று சொல்லிப் பழகிவிட்டேன், இப்போது அந்த விலைக்கு இல்லை. ஏதாவது ஒரு கொப்பியில் திகதி, நேரம், எந்தக் காம்பரா, எந்த ஃபேன் ஓடுகிறது, மழையா காற்றா, என்ன மாதிரிச் சத்தம் என்று இரண்டு கிழமைக்கு எழுதுங்கள். கருவி இல்லாவிட்டாலும் எழுதலாம். முதலில் டீமேக்கரிடம் காட்டுங்கள். பிறகு தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், தலைவர்மார் மூலமாகத் தொரையிடம். அதற்கும் வழி பிறக்காவிட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பிரதேசக் காரியாலயத்துக்கு எழுதலாம். வேலை இடத்துச் சத்தத்துக்குத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பிரிவு இருக்கிறது. கடிதத்தில் "தாங்க முடியாத" என்ற சொல்லை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கீழே எண்ணையும் எழுதுங்கள்.

அந்த அக்காவின் மகள் பரீட்சை எழுதியபோது இன்வேட்டர் வந்திருக்கவில்லை. மூன்றாவது ஃபேன் மட்டுந்தான் திருத்தப்பட்டிருந்தது. பரீட்சை மாதத்தில் பிள்ளைக் காம்பராவை இரவு ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைக்கச் சொல்லி ஏற்பாடு செய்தோம். அது ஸ்டோருக்கு மறுபக்கம், மேட்டுக்குப் பின்னால் இருந்தது. ஏழு பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு மறைவான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் விஷயம் முடிய நாள் எடுக்கும், பரீட்சை அதுவரை காத்திருக்காது.

உங்கள் லயத்தில் அளந்து பார்க்க வேண்டுமானால் நலன்புரிக் காரியாலயத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். மழையில்லாத இரவாகப் பார்த்து வருகிறேன். நாய்களைக் கட்டி வைத்தால் உதவியாக இருக்கும்.